குரோனோகிராஃப் மணிக்கூட்டில் திகதி மாறவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் மணிக்கூடு திருத்துகிறேன். குரோனோகிராஃப் என்றால், ஓடவிட்டு நிறுத்தி நேரம் அளக்கும் வசதியும் உள்ள மணிக்கூடு. திகதிப் பழுதோடு என் மேசைக்கு வரும் குரோனோகிராஃப்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, 1970களில் வாங்கிய சீக்கோ 6139. அப்பாவுடையது, அல்லது பெரியப்பாவுடையது. மற்றது, சுவிஸிலோ லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் உறவுகள் கொண்டுவந்து கொடுத்தது; உள்ளே வால்ஜூ 7750 மெஷின் இருக்கும். கீழே உள்ள பதில்கள் இந்த இரண்டையும் மனதில் வைத்து எழுதியவை. பற்றறியில் ஓடும் குரோனோகிராஃப்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திகதி பழுதானால் திருத்த வேண்டியது திகதிப் பகுதியைத்தான். அது டயலுக்கு நேர் கீழே இருக்கிறது. குரோனோகிராஃப் பகுதியின் பெரும்பங்கு மெஷினின் மறுபக்கத்தில், பின்மூடியின் பக்கம் இருக்கிறது. "குரோனோகிராஃப் என்றபடியால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். சில நேரம் நியாயமான காரணம் இருக்கும். பல நேரம் இருக்காது.

திகதி எப்படித்தான் மாறுகிறது?

மணி முள்ளைத் தாங்கும் சில்லு 12 மணித்தியாலத்தில் ஒரு சுற்றுச் சுற்றும். அதோடு பல் கோத்து ஓடும் இன்னொரு சில்லு 24 மணித்தியாலத்தில் ஒரு சுற்றுச் சுற்றும். இதைத் திகதி ஓட்டும் சில்லு என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு சிறிய விரல் நீட்டிக்கொண்டிருக்கும். திகதி எண்கள் அச்சிட்ட வளையத்தின் உட்பக்கத்தில் 31 பற்கள். இரவில் அந்த விரல் வந்து ஒரு பல்லைத் தள்ள, வளையம் ஒரு எண் நகரும். அவ்வளவுதான்.

நகர்ந்த வளையம் அங்கேயே நிற்க வேண்டுமே. அதற்கு ஜம்பர் என்ற சின்ன நெம்பு இருக்கிறது. மெல்லிய ஸ்பிரிங் ஒன்று அதை வளையத்தின் பற்களுக்கு நடுவே அழுத்திப் பிடிக்கும். விரல் தள்ளும்போது ஜம்பர் ஒரு பல்லைத் தாண்டி அடுத்த பள்ளத்தில் விழும். இவை தவிர, சாவியால், அதாவது பக்கத்தில் இருக்கும் திருகியால், திகதியை வேகமாக மாற்றுவதற்குத் தனியாக ஒரு கரெக்டர் சில்லு உண்டு. ஓட்டும் சில்லு, ஜம்பர், கரெக்டர்: பெரும்பாலான பழுதுகள் இந்த மூன்றில் ஒன்றில்தான் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

காலையில் பார்த்தால் நேற்றைய திகதி. பழுதுதானே?

அவசரப்பட வேண்டாம். கையசைவில் ஓடும் மணிக்கூட்டைக் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் கட்டிவிட்டு அலுமாரியில் வைத்தால் இரவில் நின்றுவிடும். விடிய எடுத்து ஆட்டினால் திரும்ப ஓடும், திகதி பின்தங்கியிருக்கும். சீக்கோ 6139க்குச் சாவி கொடுக்கவே முடியாது. கை அசைந்தால்தான் அதற்குச் சக்தி. நாள் முழுக்கக் கதிரையில் இருந்து வேலை செய்பவரின் கையில் அது போதிய அளவு ஏறாமலும் போகலாம். 7750க்குச் சாவி கொடுக்கலாம். முப்பது சுற்று அளவில் கொடுத்துவிட்டு ஒரு இரவு பாருங்கள்.

இன்னொன்று, மாதக் கடைசி. இந்த மணிக்கூடுகளுக்கு எல்லா மாதமும் 31 நாள்தான். மார்ச், மே, யூலை, ஒக்டோபர், டிசெம்பர் மாதங்களின் முதலாம் திகதியில் நீங்கள்தான் கையால் திருத்த வேண்டும். வருடத்தில் ஐந்து முறை. அது பழுதல்ல.

மத்தியானம் பன்னிரண்டுக்குத் திகதி மாறுகிறது.

மணிக்கூடு 12 மணித்தியாலம் பிந்தியோ முந்தியோ வைக்கப்பட்டிருக்கிறது. முள்ளை முன்னோக்கி ஒரு முழுச் சுற்று, அதாவது 12 மணித்தியாலம், நகர்த்துங்கள். சரியாகிவிடும். இதற்குக் காசு வாங்கும் கடை இருந்தால் இனி அங்கே போக வேண்டாம்.

நள்ளிரவு தாண்டிப் பார்த்தால் கிழமை அரபியில் நிற்கிறது. விடிய ஆங்கிலத்துக்கு வந்துவிடுகிறது. என்ன கோளாறு?

ஒன்றுமில்லை. வளைகுடாவில் வேலை செய்தவர்கள் கொண்டுவந்த சீக்கோக்களில் கிழமைத் தட்டில் ஆங்கிலமும் அரபியும் மாறி மாறி அச்சிடப்பட்டிருக்கும், மொத்தம் பதினான்கு பெயர்கள். இரவில் தட்டு நகரும்போது முதலில் மற்ற மொழியைக் கடந்துதான் அடுத்த நாளின் ஆங்கிலப் பெயருக்கு வரும். இது மெதுவாக நடக்கும். விடியற்காலை நாலு மணி வரைகூட எடுக்கலாம். காலையிலும் அரபியிலேயே நின்றால் சாவியால் ஒரு படி முன்னே தள்ளினால் போதும்.

எந்த நேரத்தில் திகதியைத் தொடக்கூடாது?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி. திகதிப் பழுது பலவற்றின் தொடக்கம் இங்கேதான்.

7750இல் இரவு 8 மணியிலிருந்து பின்னிரவு 2 மணி வரை. சீக்கோவில் இரவு 9 மணியிலிருந்து விடிய 4 மணி வரை. இது உங்கள் மணிக்கூட்டின் முள் காட்டும் நேரம். சுவர் மணிக்கூட்டின் நேரம் அல்ல. அந்த நேரங்களில் ஓட்டும் சில்லின் விரல் வளையத்தின் பற்களுக்குள் நுழைந்திருக்கும். அப்போது நீங்கள் சாவியால் வளையத்தைத் தள்ளினால், கதவிடுக்கில் விரல் இருக்கும்போது கதவைச் சாத்துவது போலத்தான். விரல் வளையலாம், கரெக்டர் சில்லின் பல் முறியலாம், அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றும் ஆகாமலும் போகலாம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் உறவுகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது. கோடையில் சுவிஸுக்கும் இலங்கைக்கும் மூன்றரை மணித்தியால வித்தியாசம். விமானம் கட்டுநாயக்காவில் இரவு 1 மணிக்கு இறங்குகிறது என்று வையுங்கள். கையில் இருக்கும் மணிக்கூடு சுவிஸ் நேரப்படி இரவு 9.30 காட்டும். திகதி நேற்றையது. வந்த மனிதர் சாவியை ஒரு படி இழுத்துத் திகதியைத் தள்ளுகிறார், பிறகு நேரத்தை வைக்கிறார். சரியாக ஆபத்து நேரத்தின் நடுவில் கை வைத்துவிட்டார். உண்மையில் அவர் திகதியைத் தொடவே தேவையில்லை. முள்ளை மூன்றரை மணித்தியாலம் முன்னோக்கி நகர்த்தியிருந்தால் திகதி தானாகவே மாறியிருக்கும்.

லண்டனிலிருந்து வருபவர்களுக்குக் கோடையில் நாலரை மணித்தியாலம், ரொறன்ரோவிலிருந்து வருபவர்களுக்கு ஒன்பதரை. கணக்கு வேறாக இருந்தாலும் விதி ஒன்றுதான்: முதலில் முள், பிறகு திகதி.

அப்படியென்றால் திகதி வைக்கும் சரியான முறை என்ன?

சாவியை முழுதாக இழுத்து முள்ளை முன்னோக்கித் திருப்பி 6 மணியில் நிறுத்துங்கள். அது காலை ஆறோ மாலை ஆறோ, இரண்டுமே நள்ளிரவிலிருந்து தூரம். இப்போது திகதியை நேற்றைய எண்ணுக்கு வையுங்கள். பிறகு முள்ளை முன்னோக்கித் திருப்பி நள்ளிரவைக் கடக்கவிடுங்கள். திகதி இன்றைக்கு மாறும். மாறிய பிறகு வருவது காலை. மாலை நேரம் வைக்க வேண்டுமென்றால் இன்னொரு 12 மணித்தியாலம் முன்னோக்கிப் போங்கள். இப்படி வைத்தால் மத்தியானத்தில் திகதி மாறும் தொல்லையும் வராது.

முள்ளைப் பின்னோக்கித் திருப்பலாமா?

பகல் நேரத்தில் சில நிமிடம் பின்னோக்கித் திருப்புவதில் பாதகமில்லை. நள்ளிரவைப் பின்னோக்கிக் கடக்க வேண்டாம். விரல் தவறான பக்கத்திலிருந்து பல்லில் வந்து முட்டும். 2006 சித்திரையில் இலங்கை நேரம் அரை மணித்தியாலம் பின்னுக்குப் போனது சிலருக்கு நினைவிருக்கும். சுவிஸுக்குத் திரும்பிப் போகும்போதும் அதே நிலைமைதான். அங்கே போய்ச் சேர்ந்து, பகலில் ஆறுதலாக வையுங்கள்.

அப்பாவின் சீக்கோ 6139இல் சாவியை இழுத்துத் திருப்பினால் திகதி மாறவில்லை.

மாறாது. அந்த மெஷினில் திகதிக்குச் சாவியை இழுப்பதில்லை, அழுத்துவது. பாதி அழுத்தினால் திகதி, முழுதாக அழுத்தினால் கிழமை. அழுத்தாமல் திருப்பினால் டயலைச் சுற்றியுள்ள உள்வளையம் சுற்றும். அது இருக்கும் மாதிரிகளில். இழுத்தால் முள். இவ்வளவு வேலையும் ஒரே சாவியில்.

1969இல் வெளிவந்த மெஷின் இது. தானாகச் சாவி ஏறும் குரோனோகிராஃப்கள் உலகில் முதன்முதலாக வந்த வருடமும் அதுவே. இந்த மெஷின் போட்ட சீக்கோ ஒன்று 1973இல் ஸ்கைலாப் பயணத்தில் விண்வெளிக்கும் போய்வந்திருக்கிறது, அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக்கின் கையில். மலிவான பொருள் என்று நினைத்து எறிந்துவிட வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அழுத்தியும் மாறவில்லை என்றால் முதலில் சாவித்தண்டைப் பாருங்கள். எப்போதோ சாவி தொலைந்து, வேறு மணிக்கூட்டின் சாவியும் தண்டும் பூட்டியிருப்பார்கள். தண்டின் நீளம் கொஞ்சம் மாறினாலே அழுத்தம் உள்ளே போய்ச் சேராது.

மணிக்கூட்டைத் திறக்காமலே எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். முள்ளை 6 மணிக்குக் கொண்டுபோய், குரோனோகிராஃபை நிறுத்தி வைத்துவிட்டு, முள்ளை மெதுவாக முன்னோக்கித் திருப்பி இரண்டு நள்ளிரவுகளைக் கடக்கவிடுங்கள். திகதி எப்போது அசையத் தொடங்குகிறது, எப்போது முழுதாக மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்ப 6 மணியில் நிறுத்தி, சாவியால் திகதியை ஒன்றிலிருந்து 31 வரை ஒரு முழுச் சுற்றுக் கொண்டுவாருங்கள்.

சாவியால் மாறுகிறது, நள்ளிரவில் மாறவில்லை என்றால் பழுது ஓட்டும் சில்லின் பக்கம். விரல் முறிந்திருக்கும், அல்லது சில்லு பல் கோக்காமல் நழுவும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மணிச் சில்லுக்கும் டயலுக்கும் நடுவில் தாள் போல மெல்லிய ஒரு வாசர் இருக்கும். முன்பு யாரோ திறந்தபோது அது தொலைந்திருந்தால், மணிச் சில்லு மேலே எழும்பி ஓட்டும் சில்லோடு சரியாகக் கோக்காது. முள் ஒழுங்காக ஓடும், திகதி மட்டும் சில நாள் மாறும், சில நாள் மாறாது. ஒரு சின்ன வாசரோடு முடிகிற வேலை.

நள்ளிரவில் மாறுகிறது, சாவியால் மாறவில்லை என்றால் கரெக்டர் சில்லு. ஆபத்து நேரத்தில் தொட்டதன் விளைவு பெரும்பாலும் இதுதான். சாவியைத் திருப்பும்போது கறகறவென்று ஒரு சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். முறிந்த பல்லின் துண்டு உள்ளே எங்கேயோ கிடக்கிறது. அது வேறு சில்லுக்குள் போய் விழுந்தால் செலவு பல மடங்காகும்.

ஒரே இரவில் இரண்டு திகதி பாய்ந்தால் ஜம்பரின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. குறிப்பிட்ட ஒரு திகதியில் மட்டும் ஒவ்வொரு மாதமும் சிக்கினால் வளையத்தின் அந்தப் பல்லில் சேதம்.

திகதி மாறுகிறது, ஆனால் இரவு பத்தரைக்கோ விடிய இரண்டுக்கோ மாறுகிறது என்றால் பாகம் எதுவும் பழுதில்லை. மணி முள்ளைத் தவறான இடத்தில் பூட்டியிருக்கிறார்கள். நள்ளிரவுக்கு முன்பின் கால் மணித்தியாலம் போவதை நான் திருத்துவதில்லை. அதற்காக முள்ளைக் கழற்றுவது நன்மையைவிடத் தீமையைத்தான் கூடச் செய்யும்.

இரண்டு எண்களுக்கு நடுவில் நிற்கிறது.

ஜம்பர் வேலை செய்யவில்லை, அல்லது வளையம் இறுகிவிட்டது. நம் ஊரில் துருதான் முதல் காரணம். மெல்லிய ஸ்பிரிங்கில் ஒரு பொட்டு ஈரம் பட்டாலே போதும். இரண்டாவது காரணம், டயல் சரியாக உட்காராமல் வளையத்தை அழுத்துவது. டயலை மெஷினோடு பிடித்திருக்கும் பாதம் ஒன்று உடைந்து, அதைப் பசையால் ஒட்டிய மணிக்கூடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

இரவு பன்னிரண்டு ஆகும்போது மணிக்கூடே நின்றுவிடுகிறது.

திகதியை மாற்ற மெஷினுக்குக் கூடுதல் சக்தி வேண்டும். எண்ணெய் காய்ந்துபோன மெஷினில் அந்தக் கூடுதல் சக்தி இல்லை. எனவே திகதிப் பகுதி நன்றாக இருந்தும், அதைத் தள்ளும் நேரத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. மணிக்கூட்டின் ஓட்டத்தைச் சோதிக்கும் கருவி இருக்கும் கடையில் வைத்துப் பாருங்கள். முழுதாகச் சாவி ஏறி, டயல் மேலே பார்த்துக் கிடக்கும்போது பலன்ஸ் சில்லு, அதாவது இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை ஒழுங்காக வைத்திருக்கும் சில்லு, ஆடும் வீச்சு 270 பாகை அளவில் இருந்தால் நலம். 200க்குக் கீழே வந்தால் திகதியைத் திருத்தி ஒரு பயனும் இல்லை, முழுச் சர்வீஸ் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் கழற்றுவதற்கு நியாயமான காரணம் இருக்கும் என்று மேலே சொன்னேனே, அது இது.

1990களில் குடாநாட்டுக்குப் பற்றறி வருவதற்குத் தடை இருந்த காலத்தில் பழைய சாவி மணிக்கூடுகளும் கையசைவு மணிக்கூடுகளும் அலுமாரியை விட்டு வெளியே வந்தன. அப்போது திருத்தியவர்கள் கையில் கிடைத்த எண்ணெயை வைத்து அவற்றை ஓட வைத்தார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அந்த மணிக்கூடுகள் ஓடியே ஆக வேண்டியிருந்தது. ஆனால் தையல் மெஷின் எண்ணெய் காலப்போக்கில் பசையாகிவிடும். அந்தக் காலத்துக்குப் பிறகு திறக்கப்படாத மணிக்கூடு என்றால் திகதி வளையமே அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பாகம் எதுவும் மாற்றாமல், துப்புரவாக்கினாலே ஓடத் தொடங்குவது உண்டு.

குரோனோகிராஃபை எப்போதும் ஓடவிட்டு வைத்தால் திகதி பழுதாகுமா?

நேரடியாக இல்லை. 7750இல் குரோனோகிராஃப் ஓடும்போது பலன்ஸின் வீச்சு கொஞ்சம் குறையும். ஆரோக்கியமான மெஷின் அதைத் தாங்கும். தளர்ந்த மெஷினில் குரோனோகிராஃப் சுமையும் திகதிச் சுமையும் நள்ளிரவில் ஒன்றாக வந்தால் நின்றுவிடும். எனவே சோதனைக்கு ஒரு இரவு அதை நிறுத்தியும், அடுத்த இரவு ஓடவிட்டும் பாருங்கள். இரண்டாவது இரவில் மட்டும் நின்றால், திகதிப் பாகம் வாங்குவதற்காகக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

திருத்தும் வேலை எப்படி நடக்கிறது?

7750ஐ எடுத்துக்கொள்வோம். பின்மூடியைத் திறந்து, சாவித்தண்டை விடுவிக்கும் சிறு நெம்பை மெல்ல அழுத்தித் தண்டை எடுக்க வேண்டும். அங்கே பலமாக அழுத்தினால் சாவி வைக்கும் பகுதியே குழம்பிவிடும், பிறகு டயலைக் கழற்றாமல் அதைச் சரிசெய்ய முடியாது. மெஷினை வெளியே எடுத்து, டயல் மேலே வரும்படி பிடிதாங்கியில் வைக்கிறோம்.

அடுத்தது முள்கள். சாதாரண மணிக்கூட்டில் மூன்று. 7750இல் ஆறு: நடுவில் மணி, நிமிடம், குரோனோகிராஃப் விநாடி, சின்ன வட்டங்களில் ஓடும் விநாடி, 30 நிமிடக் கணக்கு, 12 மணித்தியாலக் கணக்கு. குரோனோகிராஃப் முள்கள் இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கும். டயலில் கீறல் விழாமல் ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் தாளை விரித்து, இரு பக்கமும் ஒரே அளவாக நெம்பி எடுக்க வேண்டும். முள்ளின் குழாய் ஒருமுறை தளர்ந்தால், பூச்சியத்துக்குத் திரும்பும் ஒவ்வொரு அடியிலும் அது இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

டயலைத் தூக்கினால் கிழமைத் தட்டு. அதைப் பிடித்திருப்பது ஒரு பிளந்த வளையம். விட்டால் பறந்துவிடும். அதன் கீழே மூடுதகடு, திருகாணிகள், திகதி வளையம், ஜம்பர், அதன் ஸ்பிரிங். இந்த ஸ்பிரிங்கை எடுக்கும்போது கையையும் சாமணத்தையும் மெஷினோடு சேர்த்து ஒரு தெளிவான பிளாஸ்ரிக் பைக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். பறந்தால் பைக்குள்தான் விழும். ஒவ்வொரு படியிலும் கைபேசியில் ஒரு படம் எடுப்பது நல்ல பழக்கம்.

7750இல் 12 மணித்தியாலக் கணக்கின் பகுதியும் இதே பக்கத்தில், திகதிப் பகுதிக்குக் கீழே இருக்கிறது. தேவையில்லாமல் அதைத் தொடக்கூடாது. முறிந்த பல்லின் துண்டு தேடிக் கிடைக்கவில்லை என்றால் மட்டும் அங்கேயும் இறங்கிப் பார்க்க வேண்டும்.

கழுவுவதற்கும் எண்ணெய்க்கும் என்ன பாவிக்க வேண்டும்?

உலோகச் சில்லுகளையும் ஜம்பரையும் லைற்றர் பெற்றோலில் கழுவலாம். மண்ணெண்ணெய் வேண்டாம், அது படிவு விடும். துரு நீக்கும் ஸ்பிரேயை மணிக்கூட்டுக்குள் அடிக்கவே கூடாது.

திகதி வளையத்தையும் கிழமைத் தட்டையும் எந்தத் திரவத்திலும் போட வேண்டாம். எண்கள் அச்சு மைதான், கரைந்துவிடும். வெறும் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? காற்று ஊதியால் ஊதி, காய்ந்த மென்மையான தூரிகையால் துடைத்தால் போதும்.

சில்லுகளின் பற்களுக்கு எண்ணெய் போடுவதில்லை. சில்லு சுழலும் தூணுக்கு மட்டும், அதுவும் பார்த்தும் பார்க்காத அளவு. மெதுவாகவும் பாரத்தோடும் சுழலும் இடங்களுக்குக் கொஞ்சம் தடித்த எண்ணெய், மோபியஸ் டி5 போன்றது. வேகமாக ஓடும் இடங்களுக்கான மெல்லிய 9010 எண்ணெயை இங்கே போட்டால் பரவி ஓடிவிடும். ஜம்பரின் நுனி வளையத்தின் பல்லைத் தொடும் இடத்தில் ஒரு துளி கிறீஸ். அதிகமாகப் போட்டால் வளையம் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். முதல் பழுதே திரும்ப வரும்.

முள்ளைத் திரும்பப் பூட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

டயலைப் பூட்டிய பிறகு, முள் எதுவும் இல்லாமலே சாவியை முன்னோக்கித் திருப்பி, திகதி மாறி முடிகிற அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும். அங்கே மணி முள்ளைச் சரியாக 12இல் பூட்டுகிறோம், பிறகு நிமிட முள்ளையும். இதைச் செய்யாமல் கண்மட்டத்துக்குப் பூட்டினால்தான் விடிய இரண்டுக்குத் திகதி மாறுகிறது.

குரோனோகிராஃப் முள்களைப் பூட்டுமுன் பூச்சியப் பொத்தானை அழுத்த வேண்டும். பூட்டிய பிறகு ஓடவிட்டு, நிறுத்தி, பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, திரும்பத் திரும்பப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் நேர் மேலே வந்து நிற்க வேண்டும். கண்ணாடி போடுமுன் முள்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பக்கவாட்டில் பார்ப்பதும் முக்கியம். ஒரு திகதி வேலையில் பாதி நேரம் இந்த முள்களுக்கே போகிறது. கூலி கேட்கும்போது "ஒரு சின்னச் சில்லுக்கா இவ்வளவு?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இதுவே.

பாகம் கிடைக்குமா?

7750 இன்றும் பரவலாகப் பாவிக்கப்படும் மெஷின். அதைப் பின்பற்றிச் செய்த செலிற்றா எஸ்டபிள்யூ 500உம், சீனத் தயாரிப்புகளும் இருக்கின்றன. ஆனால் "அதே மாதிரி" என்று வரும் எல்லாப் பாகமும் அப்படியே பொருந்தாது. வாங்குமுன் மெஷினில் பொறித்திருக்கும் இலக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கோ 6139க்குப் புதிய பாகம் செய்வது எப்போதோ நின்றுவிட்டது. ஓடாத இன்னொரு 6139 கிடைத்தால் அதிலிருந்து எடுப்பதுதான் வழி. வீட்டில் உடைந்த பழைய சீக்கோ கிடந்தால் பழைய இரும்புக்குப் போட வேண்டாம், திருத்துபவரிடம் கொடுங்கள்.

கடலில் குளித்த பிறகு திகதி இறுகிவிட்டது.

குரோனோகிராஃபில் தண்ணீர் நுழைய மூன்று வாசல்: சாவி ஒன்று, பொத்தான் இரண்டு. மூன்றிலும் இறப்பர் வளையம் இருக்கிறது, பழசானால் வெடிக்கும். கசூரினாவில் குளிக்கும்போதும், ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் முழுகும்போதும் கழற்றி வையுங்கள். தண்ணீருக்குள் பொத்தானை அழுத்தவே வேண்டாம்.

உப்புத் தண்ணீர் போய்விட்டதென்றால் வெயிலில் காயவைப்பதும் அரிசிப் பானைக்குள் வைப்பதும் வேலைக்கு ஆகாது. ஈரம் போனாலும் உப்பு உள்ளேயே இருக்கும். அன்றைக்கே, இல்லாவிட்டால் அடுத்த நாளாவது கொண்டுபோய்த் திறந்து கழுவச் சொல்லுங்கள். முதலில் துருப்பிடிப்பது டயலுக்குக் கீழே இருக்கும் அந்த மெல்லிய ஸ்பிரிங்குகள்தான்.

நானே வீட்டில் செய்து பார்க்கலாமா?

ஆர்வம் இருந்தால் பழகுங்கள், ஆனால் அப்பாவின் மணிக்கூட்டில் பழக வேண்டாம். திகதி உள்ள சாதாரண சீக்கோ 5 ஒன்றை, ஓடாததாக இருந்தாலும், வாங்கி அதில் டயலைக் கழற்றி, வளையத்தை எடுத்துத் திரும்பப் பூட்டிப் பழகுங்கள். அந்த ஜம்பர் ஸ்பிரிங்கைப் பறக்கவிடாமல் எடுத்து வைக்கும் கை வந்த பிறகு குரோனோகிராஃபுக்கு வரலாம். இந்த வேலையைப் பழக விரும்பும் இளம் பிள்ளைகள் இப்போது குறைவு. வருகிற தம்பி, தங்கைக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு விருப்பம்தான்.

கடையில் கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

யாழ் நகரில் பல கடைகளில் பற்றறியும் பட்டியும் மாற்றுவதுதான் நாளாந்த வேலை. அது குறையல்ல, வேறு வேலை. எனவே மெக்கானிக்கல் குரோனோகிராஃபின் டயலைக் கழற்றிப் பழக்கம் உண்டா என்று மரியாதையாகக் கேளுங்கள். எந்தப் பக்கம் திறப்பார்கள், மாற்றிய பாகத்தைத் திருப்பித் தருவார்களா என்பதையும் கேளுங்கள். கொடுக்குமுன் டயலையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். பழுதை "திகதி சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்த நேரத்தில் என்ன நடந்தது, கடைசியாக எப்போது சாவியால் திகதியை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள். கறகற சத்தம் கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

திரும்ப வாங்கும்போது எப்படிச் சரிபார்ப்பது?

கடையிலேயே முள்ளை 6இல் வைத்து, சாவியால் திகதியை ஒரு முழுச் சுற்றுக் கொண்டுவாருங்கள். பிறகு முள்ளைத் திருப்பி நள்ளிரவைக் கடக்கவிட்டு மாறும் நேரத்தைப் பாருங்கள். எண் சாளரத்தின் நடுவில் நிற்கிறதா? குரோனோகிராஃபை ஓடவிட்டுப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். வீட்டுக்குப் போன பிறகு ஒரு வாரம் தினமும் கட்டி, காலையில் திகதியைப் பாருங்கள். ஒரு நாள் தவறினாலும் நீங்களே தள்ளிச் சரிசெய்யாமல், அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். எங்கே நின்றது என்று பார்த்தால்தான் திருத்துபவருக்குக் காரணம் பிடிபடும்.